ஃபுல் சிக்னல்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. இல்ல இல்ல, ஜன்னலோரம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. இந்தப் பக்கம் இருந்தாத்தான் எனக்கு எந்திரிச்சு நிக்க வசதி. ஒரு எடத்துல உக்காந்திருக்க முடியல இன்னைக்கு. சின்னமங்கலம் விலக்கு வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? கண்டக்டர்ட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன். இன்னொரு வாட்டி கேட்டா இங்கனயே எறக்கி விட்ருவாரு போல. ரயில்வே கேட்டு வேற மூடிக் கெடக்கு. மூடிக் கெடந்தாலும் எரிச்சலா இருக்கு, தொறந்து வண்டி போயிருமோன்னும் இருக்கு. என்ன செய்ய.

சின்னமங்கலத்துல ஒரு பதினாறாம் நாள் காரியம். சொந்தம்லாம் இல்ல. தொழில்ல பழக்கம், அவ்வளவுதான்.

என்ன தொழிலா? லைவ். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, துக்க வீடு, எல்லாத்தையும் நேரா நெட்டுல காட்டுறது. வெளிநாட்டுல இருக்கவங்க அங்கன இருந்தே பாத்துக்கிடலாம். பேரு கோமதிநாயகம். சங்கரன்கோயில்ல எறங்கி நாயகம் லைவ்னு கேட்டுப் பாருங்க, ஆட்டோக்காரன்கூடச் சொல்லுவான். முன்னாலல்லாம் கல்யாணத்துக்குத்தான் கூப்பிடுவாங்க. இப்ப துக்க வீடுதான் ஜாஸ்தி. கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்துருதாங்க. சாவு சொல்லிக்கிட்டா வருது?

நான் மத்தவன மாதிரி ஃபோனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு லைவுன்னு சொல்லுற ஆளு இல்ல. அத மொதல்ல சொல்லிருதேன். ஏன்னா அந்த ஊர்ல இப்ப என்னப் பத்தி அப்படித்தான் பேசிக்கிட்டுத் திரியுதாங்க. ‘ஃபோன்லயே எடுத்திருக்கலாம், இந்த ஆளக் கூப்பிட்டுக் கெட்டோம்’னு. மனசு கேக்குமா? நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. நான் மொதல்ல இருந்து சொல்லுதேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.

என்ட்ட ஒரு பொட்டி இருக்கு. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டரு. கேமராவுல இருந்து படம் அதுக்குள்ள போகும், அது நெட்டுல ஏத்தி விடும். மத்தவன் பொட்டியெல்லாம் ஒரு நெட்டுலதான் ஏத்தும். அந்த நெட்டு போச்சுன்னா படமும் போச்சு. நம்மது அப்படி இல்ல. ரெண்டு சிம்மு, ரெண்டும் வேற வேற கம்பெனி, அது போக அந்த வீட்டு வைஃபை. மூணு பாதை, ஆனா ஒரே கனெக்ஷன். ஒரு பாதை அடைச்சா அடுத்ததுல போய்க்கிட்டே இருக்கும். பாக்கவனுக்குப் பாதை மாறினதே தெரியாது.

இத யாரு பாத்துக்கிடுதா? அதுக்குன்னே ஒரு சர்வீஸ் உள்ள ஓடிக்கிட்டு இருக்கும். பொட்டிய ஆன் பண்ணினா அதுவும் கூடவே எந்திரிச்சிரும். ஸ்கிரீன்ல தெரியாது, சத்தம் கித்தம் கெடையாது. பின்னால இருந்துக்கிட்டு எந்தப் பாதை இருக்கு, எது செத்துச்சு, எதச் சேக்கணும், எத விடணும்னு அதுவே முடிவு பண்ணிக்கிடும். ஆனா என்ன, நாமதான் அதுக்கு மொதல்ல எழுதிக் கொடுக்கணும். ஒரு செட்டிங் ஃபைலு. எது மெயின் பாதை, எது ஸ்டெப்னி, ஒரே நேரத்துல எத்தன பாதையில போகலாம், எல்லாம் அதுல எழுதணும். ஒரு புள்ளி தப்பாப் போட்டாலும் சர்வீஸ் எந்திரிக்காது, முரண்டு புடிக்கும். மாசக்கணக்குல உக்காந்து படிச்சேன் அண்ணாச்சி. நம்ம ஜில்லாவுல இத எழுதத் தெரிஞ்சவன் இன்னொருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க.

ஸ்டெப்னின்னா நம்ம வண்டியில கெடக்குல்லா, அதேதான். டயர் வெடிச்சாத்தான் எடுத்து மாட்டுவாங்க. அது மாதிரி மெயின் பாதை செத்தாத்தான் ஸ்டெப்னிப் பாதை எறங்கும். நான் என்ன எழுதியிருந்தேன்? வைஃபை மெயினு. ரெண்டு சிம்மும் ஸ்டெப்னி. ஏன் அப்படி? துக்க வீட்ல கூட்டம் சேரச் சேர டவர் திணறும். எல்லாவன் கையிலயும் ஃபோனு. வீட்டு வைஃபை வயர்ல வாரது, அதுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. சரிதான? சரிதான். இதுல யாரு வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லுவேன்.

சின்னமங்கலத்துல தவறிப்போன அந்தம்மா பேரு வேலம்மா. வீட்டுக்காரர் எப்பவோ தவறிட்டாரு. ஒரு மக, செண்பகவல்லி, உள்ளூர்லயே கட்டிக் கொடுத்திருக்கு. மருமகன் பேரு பரமகுரு. ஒரே மகன் திருமலைக்குமார், சவுதில ஏசி மெக்கானிக்கா இருக்காரு. அம்மா தவறின நேரம் பாத்து இவரு பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில மாட்டிக்கிட்டு. ஏதோ புதுப்பிக்க வாங்கி வெச்சிருக்கான். கெஞ்சிப் பாத்திருக்காரு, அழுது பாத்திருக்காரு, ஒண்ணும் நடக்கல. அப்புறம் யாரோ நம்பர் கொடுத்து என்னக் கூப்பிட்டாரு.

‘அண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கடைசியா எங்கம்மா முகத்த நான் பாக்கணும். மூட்டம் போடும்போது முகத்த மட்டும் தொறந்து வெச்சிருப்பாங்கல்லா, அது வரைக்கும் எனக்குக் காட்டிருங்கண்ணே’ன்னாரு.

உங்க பக்கம் மூட்டம் உண்டா? உண்டா, அப்பச் சரி. வறட்டி அடுக்கி, வைக்கோலப் பரப்பி, மேல களிமண்ண அள்ளிப் பூசி மூடுவாங்கல்லா. முகத்து மேல மட்டும் கொஞ்சம் எடம் விட்டிருப்பாங்க. ‘முகம் பாக்காதவங்க பாத்துக்கோங்க’ன்னு ஒரு சத்தம் வரும். அதோட சரி. அப்புறம் அதையும் மூடிட்டுக் கொள்ளி. அந்த ஒரு நிமிஷத்தத்தான் அவரு கேட்டாரு.

நான் சொன்னேன்: ‘தம்பி, நீங்க ஃபோனச் சார்ஜ்ல போட்டுட்டு உக்காருங்க. என் படம் நிக்காது.’

அந்த ஒரு வார்த்தைய வெச்சு இப்ப வாட்ஸ்அப் குரூப்புல என்னக் கிழிக்கானுவ. ‘என் படம் நிக்காது’ன்னு எழுதி கீழ சிரிக்கிற பொம்மையப் போடுதாங்க. துக்க வீட்டு குரூப்புல சிரிக்கிற பொம்மை போடலாமா?

சரி, காலையில வீட்டுக்குப் போனேன். போன ஒடனே மொத வேலையா பரமகுருவக் கூப்பிட்டேன். தங்கமான மனுஷன், ஒரு சொல்லு சொன்னா அத அப்படியே செய்வாரு. அவரு அப்படியே செஞ்சதுதான் இவ்வளவுக்கும் காரணம், அத அப்புறம் சொல்லுதேன். அவர்ட்ட நான் தெளிவாச் சொன்னேன். ‘அண்ணே, என்ன ஆனாலும் வைஃபை கட்டாகக் கூடாது. நான் எங்க போனாலும் உங்க வீட்டு வைஃபை பேரு என் பொட்டியில தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அது ஒங்க பொறுப்பு’ன்னேன். ‘நான் பாத்துக்கிடுதேன் தம்பி, நீங்க கவலப்படாதீங்க’ன்னாரு.

நான் எங்க போனாலும்னா என்ன அர்த்தம்? வீட்டுக்குள்ள கெடத்தியிருக்க பட்டாசலு, வாசல் முத்தம், தெரு முக்கு, அவ்வளவுதான. கரண்டு போனா இன்வெர்ட்டர்ல மாத்தி விடுங்க, எவனும் ரூட்டர் ப்ளக்கப் புடுங்கிட்டு ஃபோன் சார்ஜ் போடாமப் பாத்துக்கோங்க, அதான் அர்த்தம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

காலைல இருந்து படம்னா படம், அப்படி ஒரு படம். நீர்மாலை எடுத்தாங்க, கோடி போட்டாங்க, வாய்க்கரிசி போட்டாங்க, படம் ஒரு எடத்துல தட்டி நிக்கல. சவுதில இருந்து அவரு மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்காரு. ‘அம்மா தலை கொஞ்சம் சாஞ்சிருக்குண்ணே, நேரா வைக்கச் சொல்லுங்க.’ நான் அத செண்பகத்துட்ட சொன்னேன். அது அழுதுக்கிட்டே தலைய நேரா வெச்சுட்டு, கேமராவப் பாத்து, ‘இப்பச் சரியா இருக்கா தம்பி’ன்னு கேட்டுச்சு. ‘சரியா இருக்குக்கா’ன்னு அவரு அங்கன இருந்து மெசேஜ் அனுப்புதாரு. நான் படிச்சுச் சொன்னேன். அங்க இருந்த பொம்பளைங்க பூரா அழுதுட்டாங்க. அதெல்லாம் இப்ப எவன் பேசுதான்? ஒருத்தன் பேசல.

கேட்டத் தொறந்துட்டானா? இல்லையா. ரயிலே வரல, அதுக்குள்ள மூடிருதானுவ.

அப்புறம் எடுத்தாச்சு. வண்டி வந்துச்சு, தூக்கி வெச்சாங்க. நான் கேமராவத் தோள்ல வெச்சுக்கிட்டு, பொட்டியப் பையில போட்டுக்கிட்டு, கூடவே நடக்கேன். என் கணக்கு என்ன? தெரு முக்கு தாண்டினா வீட்டு வைஃபை செத்துரும். அது செத்த ஒடனே ரெண்டு சிம்மும் எறங்கிரும். வீட்ல வெச்சு எத்தனையோ தடவ சோதிச்சிருக்கேன் அண்ணாச்சி. ரூட்டர் ப்ளக்க டக்குன்னு புடுங்குவேன். படம் நிக்காது. டிவி நிக்கும், என் பொண்டாட்டி உள்ள இருந்து வைவா, அது வேற.

தெரு முக்கு தாண்டினோம். பொட்டியப் பாத்தா வைஃபை சாகல. சிக்னல் ஃபுல்லா நிக்கு. வண்டிப் பாதையில திரும்பினோம், ஃபுல் சிக்னல். ஓடைப் பாலத்தத் தாண்டினோம், ஃபுல் சிக்னல். சுடுகாட்டுக்குள்ள போய் ஸ்டாண்டு போட்டு, கேமராவ அந்தம்மா முகத்துக்கு நேரா வெச்சுட்டுப் பாக்கேன், அங்கயும் ஃபுல் சிக்னல். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. என்னா ரூட்டருடா வாங்கிப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்.

சிரிக்காதீங்க. இப்ப சிரிக்கலாம். அந்த எடத்துல மேளமும் அழுகையும் பொகையுமா இருக்கும்போது நீங்க நின்னு பாருங்க.

அப்பத்தான் ஃபோன எடுத்துப் பாக்கேன், வரிசையா மெசேஜு. ‘அண்ணே படம் நிக்கிது.’ ‘அண்ணே இன்னும் வீட்டு கேட்டுதான் தெரியுது.’ ‘அண்ணே.’ ‘அண்ணே.’

நான் லேப்டாப்பத் தொறந்து சர்வீஸ் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். கறுப்பு ஸ்கிரீன்ல வரிசையா எழுத்து ஓடுது. பாதை இருக்கு, பாதை இருக்கு, பாதை இருக்கு. மூணும் இருக்காம், ஒரு கோளாறும் இல்லையாம். சர்வீஸ் சரியாத்தான் சொல்லுது, நான் எழுதிக் கொடுத்தது அப்படி. அப்பக் கோளாறு எங்க? டவர்லதான் இருக்கணும். சர்வீஸ நிப்பாட்டி மறுபடி எழுப்பினேன். அது எந்திரிச்சு, சிம்மு ரெண்டையும் தேடிப் புடிச்சு, வரிசையா நிக்க வைக்க நேரம் ஆகுமா ஆகாதா? அந்தப் பக்கம் வறட்டி அடுக்கிக்கிட்டு இருக்காங்க. ‘செத்த பொறுங்க, செத்த பொறுங்க’ங்கேன். அவங்க எவ்வளவுதான் பொறுப்பாங்க, வெயிலு அப்படி.

எந்திரிச்சுச்சு. ரெண்டாவது வாட்டியும் எழுப்பினேன். மறுபடி அதே. பாதை இருக்கு, படம் போகல.

சரி, கூட்டம்தான் டவர அடைக்குன்னு முடிவு பண்ணி ஒரு சத்தம் போட்டேன். ‘எல்லாரும் மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணுங்க. சவுதில தம்பி பாக்கணும். தயவுசெஞ்சு ஆஃப் பண்ணுங்க’ன்னேன். பாவம், எல்லாரும் ஆஃப் பண்ணிட்டாங்க. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எந்தப் பட்டன்னு பக்கத்துல கேட்டுக் கேட்டு ஆஃப் பண்ணுதாங்க. ஒருத்தன் மட்டும் பண்ணல. சௌந்தர்னு பேரு, திருமலைக்குமாருக்குச் சித்தப்பா மகன். ஃபோன ஒசரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு கூட்டத்த வெலக்கிட்டு முன்னால வாரான். என்னன்னு பாத்தா வீடியோ கால். ஃபோனுக்குள்ள திருமலைக்குமார் முகம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு அண்ணாச்சி. ஊரே ஆஃப் பண்ணிட்டு நிக்கு, இவன் ஒருத்தன் டவர அடைச்சுக்கிட்டு வாரான்.

‘கட் பண்ணுங்க தம்பி. இந்தா, என் படம் வந்துரும், கட் பண்ணுங்க’ன்னேன். அவன் கட் பண்ணல. ‘அண்ணன் பாக்கணும்லா’ங்கான். நான் எதுக்கு நிக்கேன் அங்க? அவருக்குக் காட்டத்தான நிக்கேன்? நானே எட்டிப் போய் அந்தச் செவப்புப் பட்டன அமுக்கிட்டேன். உள்ள இருந்து அவரு ‘டேய், முகத்துட்ட கொண்டு போடா, முகத்துட்ட’ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. பாதியில நின்னுச்சு.

அதுல என்ன தெளிவாத் தெரியும் சொல்லுங்க? வீடியோ கால்ல முகமெல்லாம் கட்டம் கட்டமா வரும். என் படம் அப்படியா இருக்கும்? மூஞ்சில ஈ உக்காந்தாக்கூடத் தெரியும். அதக் காட்டணும்னுதான நான் இவ்வளவு பாடுபட்டேன். அந்தச் சௌந்தர் ஃபோனச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, சுடுகாட்டுச் சுவர் ஓரமாப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். கோவம். வயசு அப்படி.

அதுக்குள்ள சத்தம் வந்துருச்சு. ‘முகம் பாக்காதவங்க பாத்துக்கோங்க.’

நான் மூணாவது வாட்டி எழுப்பிக்கிட்டு இருக்கேன். பாதை இருக்கு, பாதை இருக்கு. அப்புறம் மேளம் நின்னுச்சு. நிமிந்து பாத்தா பொகை.

பதிவான்னு கேக்கீங்களா? எல்லாரும் இதத்தான் கேக்காங்க. கேமராவுல கார்டு போடல. நம்ம படம் நேரா சர்வர்ல போய்ப் பதிவாகிரும். நிக்காத படத்துக்குக் கார்டு எதுக்கு? சர்வர்ல வீட்டு கேட்டு வரைக்கும் இருக்கு. அருமையா இருக்கு.

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. குளிச்சிட்டு வந்து பரமகுரு என் பக்கத்துல நிக்காரு. மெதுவாக் காதுல சொல்லுதாரு: ‘தம்பி, எல்லாரும் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டாங்க, நான் பண்ணல. பண்ணினா நம்ம வைஃபை போயிரும்லா.’ எனக்கு ஒண்ணும் ஓடல. ஃபோனக் காட்டுதாரு. ஹாட்ஸ்பாட்டு. வீட்டு வைஃபைக்கு என்ன பேரோ அதே பேரு, அதே பாஸ்வேர்டு. காலையிலயே யார்ட்டயோ கேட்டு மாத்தி வெச்சு, சட்டைப்பையில போட்டுக்கிட்டு, வீட்ல இருந்து சுடுகாடு வரைக்கும் எம் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்காரு மனுஷன். ஃபுல் சிக்னல் ஏன் இருக்காது? ஒரு முழந் தள்ளி நிக்காரு.

அந்த ஃபோன்ல நெட்டு இருந்துச்சா? அன்னன்னைக்கு உள்ள டேட்டா காலையிலயே காலி. அம்மா போட்டோ, துக்கச் செய்தி, பேனர் படம்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பி முடிச்சாச்சு. முடிஞ்சா சுத்தமா நிக்காது, ஒங்களுக்குத்தான் தெரியுமே, நத்தை மாதிரி ஊர ஆரம்பிச்சிரும். செத்துப் போயிருந்தா சர்வீஸ் கண்டுபுடிச்சு ஸ்டெப்னிய எறக்கியிருக்கும். இது சாகவும் இல்ல, ஓடவும் இல்ல. டயர் வெடிச்சாத்தான ஸ்டெப்னி? இது காத்து எறங்கின டயரு, உருண்டுக்கிட்டே இருக்கு. மெயின் பாதை இருக்குன்னு சர்வீஸ் நம்பிக்கிட்டு, படம் பூராத்தையும் அந்தச் சட்டைப்பைக்குள்ள கொண்டு போய்த் தள்ளியிருக்கு. பக்கத்துல ரெண்டு சிம்மும் சும்மா நிக்கு.

இப்பச் சொல்லுங்க, தப்பு யாரு மேல? என் செட்டிங் மேலயா? என் செட்டிங் சரி. வைஃபைய மட்டும் அப்ப ஆஃப் பண்ணியிருந்தாப் போதுமேன்னு என் கடைக்கு வார ஒருத்தன் சொன்னான். ஃபுல் சிக்னல் காட்டுறத எவனாவது ஆஃப் பண்ணுவானா? கேக்கேன், பண்ணுவானா? நான் இத அத்தனையையும் குரூப்புல படம் போட்டு, செவப்புல வட்டம் போட்டு வெளக்கினேன். ஒரு ஆளு படிக்கல. செண்பகம் மட்டும் ‘சரிண்ணே’ன்னு போட்டிருந்துச்சு. பரமகுரு அதப் பாத்துட்டு ரெண்டு நாளாச் சாப்பிடலன்னு சொன்னாங்க. நான் என்ன செய்ய, உண்மையத்தான போட்டேன்.

ஆங், தொறந்துட்டான். கெளம்பிட்டான். இனி எத்தன ஸ்டாப்பு? ஒரு நிமிஷம் இருங்க, பைய மடியில எடுத்து வெச்சுக்கிடுதேன்.

நேத்து திருமலைக்குமார் கூப்பிட்டாரு. பாஸ்போர்ட்டு கெடச்சு ஊருக்கு வந்தாச்சாம். நான் சண்டைக்குத் தயாராத்தான் ஃபோன எடுத்தேன். ஹாட்ஸ்பாட்டுல இருந்து ஆரம்பிச்சு, மெயினு, ஸ்டெப்னி, எல்லாத்தையும் சொல்லுதேன். அவரு ‘சரிண்ணே, சரிண்ணே’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு எதுத்த பேச்சு இல்ல. எனக்கு அதுவே ஒரு மாதிரி ஆயிருச்சு. திட்டினாலாவது பதில் சொல்லலாம். அப்புறம் கேட்டாரு.

‘அதெல்லாம் விடுங்கண்ணே. நீங்கதான எங்கம்மா முகத்துக்கு நேரா நின்னீங்க. எப்படி இருந்தாங்க?’

‘நல்லா இருந்தாங்க தம்பி, தூங்குற மாதிரி’ன்னேன். எல்லா வீட்லயும் அதத்தான் சொல்லுவாங்க. நானும் சொன்னேன்.

‘மூக்குத்தி இருந்துச்சாண்ணே?’

என்ன விஷயம்னா, அவங்கப்பா போனப்புறம் அந்தம்மா மூக்குத்தியக் கழட்டி வெச்சிருச்சாம். மகன் மொத சம்பளத்துல ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி வாங்கிட்டு வந்து, கட்டாயப்படுத்திப் போட வெச்சிருக்காரு. தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசியிருக்காங்க. ‘நீ போட்டு விட்டது, இனி நான் இதோடதான் போவேன்’னு அந்தம்மா சொல்லியிருக்கு. வீட்ல இருந்து எடுக்கும்போது போட்டிருந்துச்சுன்னு செண்பகம் சொல்லுது. நானும் பாத்தேன், வீட்டு கேட்டு வரைக்கும் உள்ள படத்துல தெளிவா இருக்கு. ஆனா சுடுகாட்டுல? பொம்பளைங்க யாரும் அங்க வரல. கொள்ளி வெச்ச பங்காளி முதுகு காட்டி நின்னு வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு, அதான முறை. பரமகுரு, பையில ஃபோன் சூடாகுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாராம். சௌந்தர் சுவரப் பாத்து நின்னான். மூட்டம் போட்டுக் காரியம் பாத்தவர்ட்ட கேக்கலாம்தான். ஆனா கேட்டா, நீ எடுத்தியான்னு கேக்க மாதிரி ஆயிரும். ‘அவரக் கேக்க எனக்கு வாய் வரலண்ணே. நீங்க ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தவரு’ங்காரு.

கேமராதான் அண்ணாச்சி கண்ண எடுக்காமப் பாத்துச்சு. நான் எங்க பாத்தேன்? லேப்டாப்புல ஒரு ஓரத்துல சின்னதா அந்தம்மா முகம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எழுத்த மறைக்குன்னு அத மூடி வெச்சுட்டேன். எனக்கு அங்க வேலை அது. படம் போகுதான்னு பாக்கதுதான் என் வேலை, படத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கதா? அதுக்குத்தான் அத்தன சனம் இருக்கே.

‘நேர்ல வந்து சொல்லுதேன் தம்பி’ன்னு வாய்ல வந்துருச்சு. ‘வாங்கண்ணே, பதினாறுக்கு வாங்க, எம் பக்கத்துல உக்காந்து மொதல்ல இருந்து சொல்லுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்’னுட்டாரு. என் பொண்டாட்டி சொல்லுதா, ‘பேசாமப் போய், நான் பாக்கல தம்பின்னு சொல்லிட்டு வந்துருங்க’ன்னு. எப்படிச் சொல்லுறது? முகத்துக்கு நேரா கேமராவ வெச்சுக்கிட்டு நின்னவன் முகத்தப் பாக்கலன்னு சொன்னா, ஊர் சிரிக்காதா? அவளுக்கு என்ன தெரியும்.

இருந்துச்சுன்னு சொல்லிரலாம்தான். மனசு ஆறிரும். ஆனா வழக்கப்படி கழட்டி யார்ட்டயாவது கொடுத்து, அது நாளைக்கு எங்கிருந்தாவது கையில வந்து நின்னா? இல்லன்னு சொன்னா, காரியம் பாத்தவர் தலை உருளும். ராத்திரி பூரா இதேதான் ஓடிக்கிட்டு இருக்கு.

என்னது, சின்னமங்கலம் விலக்கா? வந்துருச்சா? அதுக்குள்ளயா? இருங்க இருங்க கண்டக்டர் சார், எறங்குதேன், எறங்குதேன், விசில் அடிச்சிராதீங்க. அந்தா நிக்காரு பாருங்க, புளியமரத்துக்குக் கீழ, மொட்டைத்தலையோட, பைக்குல. என்னக் கூட்டிட்டுப் போக அவரே வந்திருக்காரு. பாத்துட்டாரு, கையக் காட்டுதாரு.

அண்ணாச்சி, ஒங்களுக்கு வயசு இருக்கு, எத்தனையோ துட்டி வீட்டுக்குப் போயிருப்பீங்க. சட்டுன்னு சொல்லுங்க. மூட்டம் போடுறதுக்கு முன்னால மூக்குத்தியக் கழட்டுவாங்களா, மாட்டாங்களா?